பெயர் சொல்லி அழைக்கப்படும் தலைவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தென்காசி மாவட்டத்தில் பிறந்தவள். 2017 முதல் அயர்லாந்தின் லிமரிக் நகரில் செவிலியராகப் பணிபுரிந்து வருகிறேன். பதினான்கு ஆண்டுகள் இந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் 2025 நவம்பரில் பதவிக்காலம் முடிந்து விடைபெற்றார். அப்போது எங்கள் வார்டில் அவரைப் பற்றி நடந்த பேச்சுதான் இக்கடிதத்தை எழுதத் தூண்டியது. நோயாளிகளும் செவிலியர்களும் துப்புரவுப் பணியாளர்களும் அவரை ‘மைக்கேல் டி.’ என்றே குறிப்பிட்டார்கள். குடியரசுத் தலைவர் அரசியல் விவகாரங்களில் அவ்வளவு வாய்திறந்திருக்கக் கூடாது என்று ஒரு முதியவர் கடிந்துகொண்டார். அடுத்த படுக்கையிலிருந்த மூதாட்டியோ, இப்படி ஒரு கவிஞர் இனி அந்த மாளிகைக்கு வருவாரா என்று கண்கலங்கினார். கடிந்தவரின் குரலில் அச்சம் இல்லை. கண்கலங்கியவரின் குரலில் பக்தி இல்லை. எட்டு ஆண்டுகளாக இதைப் பார்த்துவந்தும் எனக்கு வியப்பு இன்னும் முழுமையாக அடங்கவில்லை.

அந்த வியப்பை நான் மிகுதியாக உணர்ந்தது என் வீட்டு வாசலில். அயர்லாந்தில் வசிப்பவர் எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால், உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். 2024 ஜூன் 7 அன்று நடந்த தேர்தல் லிமரிக்கில் இன்னும் சிறப்பு வாய்ந்தது. ஒரு மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தது அயர்லாந்தின் வரலாற்றில் அதுவே முதல் முறை. அதற்குச் சில வாரங்களுக்கு முன், ஒரு மாலை நேரத்தில், அழைப்புமணி ஒலித்தது. கதவைத் திறந்தால், எங்கள் பகுதியில் பல ஆண்டுகள் கவுன்சிலராக இருந்தவர் நனைந்த மேலங்கியோடு தனியாக நிற்கிறார். நான் பதறிப்போய் உள்ளே வந்து உட்காரும்படி அழைத்தேன். அவர் தம் பெயரை மட்டும் சொல்லி, காலணி சேறாக இருக்கிறது, வாசலிலேயே பேசிக்கொள்ளலாம் என்றார். பேருந்து நேரத்துக்கு வருவதில்லை என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னதை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அதற்குள் பக்கத்து வீட்டுப் பாட்டி வீட்டுச் செருப்போடு வெளியே வந்து, நடைபாதை உடைந்து கிடப்பது இரண்டு ஆண்டுகளாக உன் கண்ணில் படவில்லையா என்று பெயர் சொல்லி அவரைக் கண்டித்தார்; அதே மூச்சில், உன் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றும் விசாரித்தார். கவுன்சிலர் இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். எங்கள் ஊரில் வார்டு உறுப்பினரைப் பார்க்கப் போவதற்கே நல்ல சட்டை தேடும் என் தந்தையை அன்றிரவு வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புகழ்பெற்றவர்களிடமும் இம்மக்கள் இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். இங்கே ஹர்லிங் என்றொரு ஆட்டம் உண்டு. மட்டையும் பந்தும் கொண்டு, கண்ணிமைக்கும் வேகத்தில் ஆடப்படுவது. அதன் அகில அயர்லாந்து இறுதிப் போட்டி டப்ளினின் குரோக் பார்க் அரங்கில் 82,000 பேர் முன்னிலையில் நடக்கும். ஆடுகிறவர்கள் எவருக்கும் சம்பளம் கிடையாது. ஆசிரியர்களும் விவசாயிகளும் மின்பணியாளர்களும் தத்தம் மாவட்டத்துக்காக ஆடுகிறார்கள். 2018 ஆகஸ்டில் லிமரிக் அணி, 1973-க்குப் பிறகு முதல் முறையாக, 45 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் கோப்பையை வென்றது. கோப்பையோடு அணி ஊர் திரும்பிய நாளில் நகரமே தெருவில் நின்றது. நானும் நின்றேன், பச்சைக் கொடி அசைத்தேன். ஆகவே, இவர்களுக்குக் கொண்டாடத் தெரியாது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

ஆனால் செப்டம்பரில் பள்ளி திறந்தபோது அந்தக் கோப்பை என் மகனின் பள்ளிக்கு வந்தது. உடன் வந்த ஆட்டக்காரர் வேறொரு பள்ளியில் ஆசிரியர். குழந்தைகள் கோப்பையைத் தொட்டுப் பார்க்க முண்டியடித்தார்கள். அவரிடமோ, இறுதிப் போட்டியில் ஒரு வாய்ப்பை ஏன் தவறவிட்டீர்கள் என்று கேட்டார்கள். அவர் பொறுமையாக, மட்டையைப் பிடித்துக் காட்டி, தாம் செய்த பிழையை விளக்கினார். பிறகு நாற்காலிகளை அடுக்கி வைக்க உதவிவிட்டுத் தம் காரில் கிளம்பினார். பெற்றோர் யாரும் அவரோடு படம் எடுத்துக்கொள்ள வரிசை கட்டவில்லை. கைபேசியைக் கையில் எடுத்தவள் நான் ஒருத்திதான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துவிட்டேன்.

இது இவர்களின் பிறவிக் குணம் என்றுதான் முதலில் எண்ணினேன். அப்படியல்ல என்பதை எங்கள் வார்டின் முதியவர்களே எனக்குப் புரியவைத்தார்கள். வணங்குதல் என்றால் என்ன என்று இம்மக்களுக்கு நன்றாகவே தெரியும். அவர்கள் வணங்கியது கத்தோலிக்கத் திருச்சபையை. பங்குத் தந்தை தெருவில் நடந்து வந்தால் ஆண்கள் தொப்பியைக் கழற்றியதையும், அவர் சொல்லுக்கு வீட்டில் எவரும் மறுசொல் சொல்லாததையும் எண்பது வயதைக் கடந்தவர்கள் இன்னும் விவரிக்கிறார்கள். 1979 செப்டம்பர் 29 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் டப்ளின் பீனிக்ஸ் பூங்காவில் திருப்பலி நிறைவேற்றியபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். அப்போதைய மக்கள்தொகையில் ஏறக்குறைய மூவரில் ஒருவர். பின்னர், துறவற சபைகள் நடத்திய விடுதிகளில் குழந்தைகள் பல்லாண்டுகள் அனுபவித்த கொடுமைகளை 2009-இல் விசாரணை ஆணையத்தின் அறிக்கை வெளிப்படுத்தியது. கேள்வி கேட்காமல் தலைகுனிந்ததற்குத் தங்கள் பிள்ளைகள் விலை கொடுத்தார்கள் என்று ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை என்னால் மறக்க இயலாது. இன்று ஒரு மனிதரைப் பீடத்தில் ஏற்ற இவர்கள் தயங்குவதில் அந்த வலியும் கலந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 1937-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, அரசு யாருக்கும் பிரபுப் பட்டம் வழங்கக் கூடாது என்கிறது. தேர்தல் முறையும் அப்படியே: ஒரு தொகுதிக்கு மூன்று முதல் ஐந்து உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்படுவதால், ஒரே கட்சியிலிருந்து ஒருவருக்கு மேல் நிற்பதுண்டு; அதனால் தம் கட்சிக்காரரையே போட்டியாளராகக் கருத வேண்டிய நிலையில் ஒவ்வொருவரும் மக்களைத் தேடி வருகிறார்கள். என் மாமியாரின் விசா தொடர்பாக ஒரு நாடாளுமன்ற உறுப்பினரைச் சனிக்கிழமை காலையில் ஒரு சமூகக் கூடத்தில் சந்தித்தேன். எனக்கு முன்னால் நால்வர் காத்திருந்தார்கள்; ஒவ்வொருவருக்கும் அவரே எழுந்து வந்து கதவைத் திறந்தார். எம்.பி. பதவிக்கு ஐரிஷ் மொழியில் வழங்கும் பெயரில் உள்ள ‘டியாக்தா’ என்ற சொல்லுக்குத் தூதர் என்று பொருள்.

குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. இந்த நெருக்கம் அண்மைக் காலமாகக் காயப்பட்டு வருகிறது. 2023 செப்டம்பர் 20 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே, அரசியல்வாதிகளின் படங்கள் மாட்டிய தூக்குமேடையோடு ஒரு கூட்டம் நின்றது. அமைச்சர்களின் வீடுகளுக்கு எதிரிலும் ஆர்ப்பாட்டங்கள் நடக்கின்றன. வாசலில் வந்து நிற்கும் தலைவரைச் சாடும் உரிமை, அவர் குழந்தைகளை அச்சுறுத்தும் உரிமையாக மாறிவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு உண்டு. 2025-இன் கோடையில் இந்தியர்கள் மீது தாக்குதல்கள் நடந்தபோது, நாங்கள் இரவுப் பணி முடிந்து வீடு திரும்பவே அஞ்சினோம். ஆகஸ்டில் ஹிக்கின்ஸ் வெளியிட்ட அறிக்கையில் அத்தாக்குதல்களைக் கண்டித்து, மருத்துவத்திலும் செவிலியப் பணியிலும் இந்தியர்களின் பங்களிப்பை எடுத்துச் சொன்னார். அதைப் பணியிடத்தில் உரக்கப் படித்துக் காட்டியவர் என் ஐரிஷ் தோழி. எங்களுக்காகப் பேசிய அந்த மனிதரிடம் எனக்கு ஏற்பட்ட மரியாதை, எந்தக் கட்அவுட்டும் என்னிடம் ஏற்படுத்தாத மரியாதை.

இனி, இக்கடிதத்தின் வழியே ஒரு வேண்டுகோள். இங்கும் தேர்தல் காலத்தில் மின்கம்பங்களில் வேட்பாளர் படங்கள் தொங்குகின்றன. ஆனால் வாக்குப்பதிவுக்கு முந்தைய 30 நாள்களுக்குள்தான் அவற்றைக் கட்டலாம்; வாக்குப்பதிவு முடிந்த 7 நாள்களுக்குள் அகற்றிவிட வேண்டும். தவறினால் 150 யூரோ அபராதம். எந்தக் கட்சியாக இருந்தாலும் இதுதான் விதி. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பதாகை சரிந்ததால் ஓர் இளம்பெண்ணை இழந்தோம். 2025 செப்டம்பரில் கரூரில் தலைவர் ஒருவரைக் காணக் கூடிய நெரிசலில் 41 உயிர்களை இழந்தோம். இம்முறை சட்டமன்றத் தேர்தல் செய்திகளை வெளியிடும்போது, எந்தத் தொகுதியில் எந்தக் கட்சியின் பதாகைகள் வாக்குப்பதிவு முடிந்தும் அகற்றப்படாமல் நிற்கின்றன என்பதைப் படத்தோடும் தேதியோடும் நாள்தோறும் வெளியிடுமாறு தங்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். தென்காசியிலிருந்து படம் எடுத்து அனுப்ப என் தம்பி அணியமாக இருக்கிறான்.

இப்படிக்கு,
தென்காசி வாசகி,
லிமரிக், அயர்லாந்து.