ஆழப் பனியில் இழுவை இழக்கும் ஸ்னோமொபைல்: பாகங்களை மாற்றுமுன் பார்க்க வேண்டியவை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்கால உல்லாசப் பயணங்கள் குறித்துத் தங்கள் பத்திரிகை அண்மையில் வெளியிட்ட பக்கங்களில், பனிமேல் ஓடும் எஞ்சின் வண்டியான ஸ்னோமொபைலை ஓட்டச் செல்வோர் தலைக்கவசம், உடை, உறைந்த ஏரிகளின் ஆபத்து ஆகியவை பற்றி அறிந்திருக்க வேண்டியவை தெளிவாக எழுதப்பட்டிருந்தன. ஆனால், எங்கள் மக்கள் பழைய ஸ்னோமொபைல்களை வாங்கத் தொடங்கிய காலம் முதல் நான் அதிகமாகக் கேட்டுவரும் முறைப்பாட்டைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இல்லை. ரொறன்ரோவுக்கு வடக்கே சிறிய எஞ்சின்களைத் திருத்தும் தொழிலில் 20 ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறேன். என்னிடம் வருபவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒரே வசனம்: “அண்ணை, இறுகின பாதையில நல்லா ஓடுது, ஆழமான பனிக்குள்ள இறங்கினாப் பிறகுதான் இழுவை இல்லாமப் போகுது.” இதைச் சொல்லும்போது அவர்கள் கையில் ஏற்கெனவே மாற்றிய பாகங்களின் பற்றுச்சீட்டுகளும் இருக்கும்.

சென்ற பருவத்தில் ஒருவர் காபரேட்டர் (காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) பொருத்திய பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்கு முன் அவர் வேறு இரண்டு இடங்களுக்குப் போயிருந்தார். ஓரிடத்தில் பிளக்குகளையும் பெற்றோல் பம்பையும் மாற்றியிருந்தார்கள். மற்ற இடத்தில் காபரேட்டரைக் கழற்றிக் கழுவியிருந்தார்கள். இரண்டு இடங்களிலும் வண்டியைச் சூடான கராஜுக்குள் வைத்து முடுக்கிப் பார்த்தபோது அது எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. வண்டியை இழுவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஒன்ராறியோவின் ஹலிபேர்ட்டன் பக்கம் அவருடனேயே போனேன். முழங்கால் அளவு புதுப்பனியில் பத்து நிமிடம் ஓடியதும் எஞ்சின் அடைத்துக்கொண்டு முனகத் தொடங்கியது. அங்கேயே நிறுத்திப் பக்கத் தகட்டைத் திறந்து பார்த்தால், காற்று உள்ளே போகும் வாயிலில் இருந்த பஞ்சின் மேல் வெண்மையான பனிக்கட்டி அப்பளம் போல ஒட்டியிருந்தது. அதை உடைத்து எடுத்து, பஞ்சை உதறி மாட்டியதும் வண்டி பழையபடி இழுத்தது. ஒன்றரை மணி நேரம் ஓடி அதைக் கராஜுக்குக் கொண்டுவந்திருந்தால், தரையில் ஒரு கை நீர் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது இதுதான். ஆழப் பனியில் வரும் பழுதுகளில் பெரும்பகுதிக்குப் பனியே காரணமாகவோ கூட்டாளியாகவோ இருப்பதால், வெப்பமான இடத்துக்கு வண்டி வந்ததும் தடயம் உருகிப் போய்விடுகிறது. ஆகவே இழுவை குறைந்த அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே, சில விடயங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை.

முதலில் பார்க்க வேண்டியது ஆர்பிஎம் மானியை, அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்று காட்டும் முள்ளை. ஸ்னோமொபைலில் காரில் இருப்பது போன்ற கியர்ப்பெட்டி இல்லை. எஞ்சினோடு சேர்ந்த முதல் கிளச்சுக்கும் ட்ராக்கை (வண்டியின் அடியில் சுழன்று அதைத் தள்ளும் பட்டையை) ஓட்டும் இரண்டாவது கிளச்சுக்கும் நடுவே அகலமான இறப்பர் பெல்ட் ஒன்று ஓடுகிறது. எஞ்சினின் வேகம் கூடும்போது முதல் கிளச்சில் உள்ள எடைகள் வெளியே வீசப்பட்டு அதன் தட்டுகளை நெருக்க, பெல்ட் அங்கே மேலேறி, இரண்டாவது கிளச்சில் கீழிறங்குகிறது. பாரம் கூடினால் இரண்டாவது கிளச்சின் சுருள்வில்லும் சரிவுத் தட்டும் பெல்ட்டைத் திரும்ப மேலே தள்ளி, எஞ்சினுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கின்றன. ஒவ்வோர் எஞ்சினுக்கும் அதன் முழு வலு பிறக்கும் சுழற்சி ஒன்று உண்டு. அது கையேட்டில் எழுதப்பட்டிருக்கும். பல டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் நிமிடத்துக்கு 8,000 சுற்றுகளை ஒட்டி இருக்கும். ஆழப் பனியில் த்ரொட்டிலை (வேகம் கூட்டும் பிடியை) முழுதாக அழுத்தியபோது முள் அந்த எண்ணுக்கு நன்கு கீழே நின்றால், எஞ்சின் வலுவைத் தரவில்லை, அல்லது கிளச்சுகளில் பெல்ட் பாரத்துக்கு ஏற்பத் திரும்ப இடம் மாறவில்லை என்று பொருள். முள் அந்த எண்ணிலோ அதற்கு மேலோ நிற்க வண்டி மட்டும் நகர மறுத்தால், எஞ்சினில் குறையில்லை. வலு பெல்ட்டிலோ ட்ராக்கிலோ வழுக்கிப் போகிறது. இந்த ஒரு எண்ணைப் பார்த்திருந்தால், என்னிடம் வந்த பலர் மாற்றிய பாகங்களில் பாதிக்கு மேல் தேவைப்பட்டிருக்காது.

முள் கீழே நின்றால் காற்றையே முதலில் சந்தேகிக்கச் சொல்வேன். ஆழமான தூள்பனியில் ஓடும்போது முன்மூடியைச் சுற்றி எழும் பனித்தூசி, காற்று வாயில்களின் வலைகளில் படிந்து அவற்றை மூடிவிடும். இதைவிட மறைவான வழியும் உண்டு. நன்றாக ஓடிய வண்டியைத் தேநீர் குடிக்க நிறுத்துகிறோம். எஞ்சினின் சூட்டில் வலையிலும் பஞ்சிலும் இருந்த பனி உருகி ஈரமாகிறது. மீண்டும் புறப்பட்டதும் உள்ளே பாயும் குளிர்காற்று அந்த ஈரத்தைக் கட்டியாக உறையவைக்கிறது. “நிறுத்தி எடுத்தாப் பிறகுதான் இப்படி” என்று ஒருவர் சொன்னால், நான் முதலில் கேட்பது காற்றுப் பெட்டியைத் திறந்து பார்த்தாரா என்பதே. நிறுத்தும்போது வலைகளைக் கையுறையால் துடைத்துவிடுவது ஒரு நிமிட வேலை. காபரேட்டர் வண்டிகளில், உறைநிலையை ஒட்டிய ஈரமான நாட்களில், பெற்றோல் ஆவியாகும் குளிர்ச்சியால் காபரேட்டரின் தொண்டையிலேயே பனி கட்டுவதும் உண்டு. இதைத் தடுக்கச் சில மாதிரிகளில் எஞ்சினின் சூடான குளிர்விப்பு நீர் காபரேட்டரைச் சுற்றி ஓடும்படி சிறு குழாயும் திருகு வால்வும் வைத்திருக்கிறார்கள். பழைய வண்டி வாங்கியவர்களில் பலருக்கு அந்த வால்வு இருப்பதே தெரியாது. அது மூடியே கிடக்கும்.

அடுத்தது பெற்றோல். தாங்கியிலிருந்து பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. அதன் வாயில் பனி உறைந்தால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, முழு விசையில் ஓடும்போது பெற்றோல் போதாமல் போகும். இறுகிய பாதையில் பாதி த்ரொட்டிலில் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. எஞ்சினை நிறுத்திவிட்டு, அருகில் நெருப்பு எதுவும் இல்லாமல், தாங்கியின் மூடியை மெதுவாகத் தளர்த்தும்போது காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டால், அந்தக் குழாயைத் தேடுங்கள். பல டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் பெற்றோல் பம்பை இயக்குவது எஞ்சினின் அடிப்பெட்டியில் எழும் அழுத்தத் துடிப்பு. அதைக் கொண்டுபோகும் சிறு இறப்பர்க் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். எதனோல் கலந்த பெற்றோல் ஈரத்தை உறிஞ்சக்கூடியது என்பதால், கோடை முழுவதும் தாங்கியில் கிடந்த பெற்றோலுடன் பருவத்தைத் தொடங்க வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெற்றோல் போதாமல் திணறும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை, எப்படியாவது பனியைக் கடந்துவிடலாம் என்று முழு த்ரொட்டிலில் வைத்திருக்காதீர்கள். பெற்றோலும் அதோடு வரும் எண்ணெயும் குறைந்த கலவை மிகுந்த வெப்பத்தை உண்டாக்கி, பிஸ்டனைச் சில நொடிகளிலேயே உருக்கவோ சிலிண்டரோடு இறுகவைக்கவோ கூடும். சில டொலர் பெறுமதியான குழாயில் தொடங்கிய கோளாறு எஞ்சினையே விழுங்கியதை நான் ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது எனக்கு வேதனையாகவே இருந்தது.

நடுத்தர வேகம்வரை நன்றாக இழுத்து, அதற்கு மேல் முள் ஏறாமல் நிற்கும் வண்டிகளில் வெளியேற்று வால்வுகளை (எஞ்சினின் புகைவழியை வேகத்துக்கு ஏற்பத் திறக்கும் பாகங்களை) கழற்றிப் பார்க்க வேண்டும். எரிந்த எண்ணெயின் கரி படிந்து அவை திறக்காமல் ஒட்டிக்கொள்வது வழக்கம். ஆண்டுக்கொரு முறை கழுவினால் போதும்.

முள் உயரே நிற்க வண்டி நகராமல் இருந்தால் பெல்ட்டுக்கு வாருங்கள். எரிந்த இறப்பர் நாற்றம், பெல்ட்டின் பக்கங்களில் கண்ணாடி போன்ற பளபளப்பு, கையேட்டில் சொன்ன அளவைவிடக் குறைந்த அகலம் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் பெல்ட்டை மாற்றத்தான் வேண்டும். கிளச் மூடிக்குள் பனி புகுந்து பெல்ட் நனைந்தாலும் அது வழுக்கும். அப்போது பெல்ட்டையும் கிளச் தட்டுகளையும் துடைத்து உலர்த்தாமல் மேலும் முடுக்குவது பெல்ட்டைச் சுட்டுவிடும். சரியான இலக்கமுடைய உலர்ந்த பெல்ட் ஒன்றை எப்போதும் வண்டியில் வைத்திருப்பது நல்லது. பெயர் தெரியாத மலிவுப் பெல்ட்டால் கிளச்சின் கணக்கே மாறிவிடுவதையும் கண்டிருக்கிறேன்.

எஞ்சினும் பெல்ட்டும் சரியாக இருந்தும் வலு வேறிடத்தில் தின்னப்படலாம். அளவுக்கு மீறி இறுக்கிய ட்ராக், விடாமல் உரசும் பிரேக், ஏரிப் பனிக்கு அடியில் தேங்கியிருந்த நீர்ச்சேறு சக்கரங்களுக்கிடையில் ஏறி உறைந்த கட்டி ஆகியவை அப்படிப்பட்டவை. எஞ்சினை நிறுத்தி, வண்டியின் பின்புறத்தை உறுதியான தாங்கியில் ஏற்றி, ட்ராக்கைக் கையால் சுற்றிப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும். எஞ்சின் ஓடும்போது யாரும் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கவோ ட்ராக்குக்குப் பின்னால் நிற்கவோ கூடாது.

சில வேளைகளில் வண்டியில் பழுதே இருப்பதில்லை. பாதைகளுக்கென்று செய்யப்பட்ட வண்டியின் ட்ராக்கில் உள்ள பற்கள் ஏறக்குறைய ஒன்று அல்லது ஒன்றேகால் அங்குல உயரமானவை; ஆழப் பனிக்கென்று செய்யப்பட்டவற்றில் அவை இரண்டு முதல் மூன்று அங்குலம் வரை இருக்கும், ட்ராக்கும் மிக நீளமானது. முதல் வகை வண்டி இடுப்பளவு தூள்பனியில் மிதக்காது. த்ரொட்டிலை அழுத்த அழுத்தத் தனக்குத் தானே குழி தோண்டும். அதை இழுவை குறைந்ததாக எண்ணி எஞ்சினைப் பிரிப்பது வீண். அதேபோல, ஒன்ராறியோவில் வாங்கிய வண்டியை அல்பேர்ட்டாவிலோ பிரிட்டிஷ் கொலம்பியாவிலோ மலைக்குக் கொண்டுபோகும் நண்பர்கள், டேர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீற்றர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 3 வீதம் வலுவை இழக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1,800 மீற்றரில் அது ஆறில் ஒரு பங்கை நெருங்குகிறது. அங்கே கிளச்சின் எடைகளையும், காபரேட்டர் வண்டியானால் பெற்றோலின் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள ஜெற்றுகளையும் அந்த உயரத்துக்கு ஏற்ப மாற்றாமல் ஓட்டுவது எஞ்சினின் குற்றமாகாது.

வண்டி புதைந்து நின்றுவிட்டால், முடுக்கிக்கொண்டே இருக்காமல் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். புகை வெளியேறும் வாய் பனிக்குள் புதைந்திருக்கும்போது எஞ்சின் மூச்சடைத்துப் போவதோடு, சுற்றித் தோண்டுபவர்களின் முகத்தருகே காபன் மொனொக்சைட்டும் தேங்கும். புகைவாயையும் ட்ராக்கின் அடியையும் முன்புறத்தையும் மண்வெட்டியால் துப்புரவாக்கி, முன்னால் உள்ள பனியைக் காலால் மிதித்து இறுக்கி, கூடியவரை இறக்கத்தை நோக்கி, மென்மையான த்ரொட்டிலில் வெளியேறுவதே முறை. ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே, 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பனி மூடிய பாதையால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முடியாமல் தமது இரண்டு வயது மகனை இழந்த தகப்பன். அவர்தான் பின்னர் கியூபெக்கின் வல்கூரில் பனியில் ஓடும் வாகனங்களை உருவாக்கி, 1959இல் ஸ்கி-டூ என்ற ஸ்னோமொபைலை வெளியிட்டவர். வீட்டுக்குத் தொலைவில், கடுங்குளிரில், பிள்ளைகளோடு ஒரு வண்டி நின்றுபோவதை நான் சாதாரணத் தொந்தரவாக எண்ணாததற்கு அந்த வரலாறும் ஒரு காரணம்.

திருத்துநர்களிடம் போகும் வாசகர்கள், “இழுவை இல்லை” என்பதோடு நிற்காமல், இழுவை குறைந்தபோது முள் எந்த எண்ணில் நின்றது, வெளியே எத்தனை பாகை குளிர், பனி தூளாக இருந்ததா ஈரமாக இருந்ததா, புறப்பட்டு எவ்வளவு நேரத்தில் வந்தது, சற்று ஓய்வு கொடுத்ததும் சரியானதா என்ற ஐந்தையும் எழுதிக்கொண்டு போனால், அவர்களின் பணமும் எங்கள் நேரமும் மிஞ்சும். இந்த ஐந்து கேள்விகளையும், ஆங்கிலக் கையேடுகளைப் படிக்கச் சிரமப்படும் மூத்தவர்களுக்காக, தங்கள் பத்திரிகை குளிர்காலப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாக ஒவ்வொரு டிசெம்பரிலும் வெளியிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பழைய வண்டி விற்பவர்களும், வாங்குபவரிடம் கையேட்டின் பிரதியையும் பெல்ட்டின் இலக்கத்தையும் கொடுத்துவிட வேண்டும்.

இங்ஙனம்,
எஞ்சின் திருத்துநர் ஒருவர்,
ஒன்ராறியோ.