தூக்கி வைத்திரு பிள்ளை

கிளிநொச்சி,
திருவையாறு.

அன்பின் மகளுக்கு,

நாங்கள் சுகம். நேற்று போனில் நீ சிரித்துத்தான் கதைத்தாய், ஆனால் குரல் கம்மியிருந்தது. கீழே கிடத்தினால் பேரன் வீரிடுகிறான் என்றாய். தூக்கித் தூக்கிப் பழக்கிவிட்டாய் என்று அங்கே பிள்ளை நிறுக்கிற இடத்தில் சொன்னார்களாம். இரவு முழுக்க அதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவனுக்கு யோசனை எங்கே போகும்? சிம்பன்சியிடம்தான் போனது.

சிம்பன்சி ஏறக்குறைய எட்டு மாதம் சுமந்து, பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும். இரண்டு கிலோகூட இராது. முதல் மாதங்களில் அது தாயின் வயிற்று மயிரைப் பற்றிக்கொண்டே கிடக்கும். ஐந்தாறு மாதமானதும் முதுகில் ஏறிச் சவாரி. நாலைந்து வயது வரை பால், இரவில் தாய் மரத்தில் கட்டுகிற கூட்டிலேயே நித்திரை. அடுத்த குட்டிக்கு ஐந்து வருடமளவு செல்லும். குட்டியின் பின்பக்கத்தில் வெள்ளை மயிர்க்கற்றை ஒன்று இருக்கும். அது தெரிகிற வரை பெரியவை அதன் குழப்படியைப் பொறுத்துக்கொள்ளும். உன் மகனின் கையில் விரலை வைத்துப் பார், இறுக்கிப் பிடிப்பான். பிடி இருக்கிறது, பிடிக்க உன்னிடம் மயிர்தான் இல்லை. அழாமல் என்ன செய்வான்?

எங்கள் வளவு முருங்கைக்கு வருகிற மந்திகளின் கதை வேறு. அங்கே குட்டி பிறந்தால் மற்றப் பெண் மந்திகள் மாறி மாறி வாங்கித் தூக்கும், தாய் ஆறுதலாக இலை தின்னும். இங்கே என்றால் உன் பிள்ளையும் அம்மம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று கைமாறியிருப்பான். சிம்பன்சித் தாய் புதுக்குட்டியை இலேசில் மற்றவரிடம் விடாது. வளர்ந்த பெண் பெரும்பாலும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போய்த்தான் பிள்ளை பெறும், தாய் சகோதரி பக்கத்தில் இராது. ஒஸ்லோவில் நீ இருக்கிற மாதிரி. களைப்பு அதனால்தான். பழக்கிக் கெடுத்ததால் இல்லை.

மற்றப் பக்கத்தையும் சொல்லாவிட்டால் வாத்தியார் இல்லை. ஜேன் குடால் 1960இல் தன்சானியாவின் கொம்பே காட்டுக்குப் போய்ப் பார்த்த சிம்பன்சிகளில் ஃபுளோ என்றொரு கிழத்தாய் இருந்தது. மகன் ஃபிளின்டைப் பால் மறக்கப்பண்ண அதற்குத் தெம்பில்லை. எட்டு வயதிலும் அவன் முதுகில் ஏறினான். 1972இல் தாய் செத்தது, சில வாரங்களில் அவனும் போய்விட்டான். இதை வாசித்துக் காட்டினேன். "ஐஞ்சு மாசப் பிள்ளைக்கு எட்டு வயசுக் கதை எதுக்கு?" என்று அம்மா ஏசினா. சரிதான்.

96இல் சண்டைக்குள் கிளிநொச்சியை விட்டு அக்கராயனுக்குப் போனபோது நீ எட்டு மாதம். நான் சைக்கிளில் அரிசி மூட்டையும் புத்தகப் பெட்டியும் கட்டித் தள்ளினேன். நீ வழி முழுக்க அம்மாவின் இடுப்பில். ஒருக்கால் தா என்று நான் கேட்கவே இல்லை. ஆண் சிம்பன்சியும் குட்டி வளர்ப்பில் பெரிதாகக் கைகொடுக்காது, ஆனால் அது சைக்கிள் தள்ளினேன் என்று சாட்டுச் சொல்லாது.

அம்மா தன் பழைய நூல்சேலை இரண்டைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறா. அடுத்த மாதம் ஒஸ்லோ திரும்புகிற பெடியனிடம் சரக்குத்தூளோடு கொடுத்துவிடுகிறோம். ஏணை கட்ட அங்கே கூரையில் வளை இராது, தோளோடு சேர்த்துக் கட்டு. ஒரு சேலை உனக்கு. மற்றது மருமகனுக்கு, முடிச்சுப் போடுகிற விதத்தை அம்மா வீடியோவில் காட்டுவாவாம்.

அன்புடன்,
அப்பா