இங்கே பழைய டீசல் வண்டி வாங்குவது பற்றி மாமாவுக்கு

எஸ்லிங்கன், ஜெர்மனி

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் நலம். ஆச்சிக்கு மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அத்தையை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தம்பி இங்கே வேலைக்கு வந்ததும் பழைய டீசல் கார் வாங்கலாமா, அது ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இத்தனை வருடமாகப் பட்டறை நடத்தும் உங்களுக்கு எஞ்சினைப் பற்றி நான் சொல்லித் தரப்போவதில்லை. ஆனால் இங்குள்ள குளிரும் சட்டமும் வரியும் கணக்கையே மாற்றிவிடும். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

இங்கே டீசல் வண்டியைக் கெடுப்பது நீண்ட ஓட்டம் இல்லை, குட்டி ஓட்டம்தான். நெடுஞ்சாலையிலேயே 2 லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டியை நம்பி வாங்கலாம். கடைக்கும் பள்ளிக்குமாக ஊருக்குள்ளேயே 80 ஆயிரம் ஓடினதைத் தொடவே கூடாது. காரணம், டர்போவை ஒட்டிப் புகைபோக்கி லைனில் இருக்கும் கரி ஃபில்டர், டிபிஎஃப். அது கரியைப் பிடித்து வைத்துக்கொண்டு, சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை தானே எரித்துவிடும். எரிய ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டுக்காக இன்ஜெக்டர் வழக்கமான அடிக்குப் பிறகு இன்னொரு முறை டீசலை அடிக்கும். பாதியில் வண்டியை நிறுத்திவிட்டால் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். ஃபில்டரும் அடைபடும், ஆயிலும் நீர்த்துப்போகும். தினம் 4 கிலோமீட்டர் ஓட்டி, பூஜ்யம் டிகிரிக் குளிரில் வெளியே நிறுத்தினால் எஞ்சின் ஒரு நாளும் முழுச் சூடு பிடிக்காது. ஒரு குளிர்காலம் போதும், ஃபில்டர் விளக்கு எரிய ஆரம்பித்துவிடும்.

எரித்துக்கொண்டிருக்கும்போது பார்த்தாலே தெரியும். நிற்கும்போது ஆர்பிஎம் ஆயிரத்துக்கு ஏறும், மைலேஜ் காட்டும் எண் சரியும், சாவியை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் ஓடும். அந்த நேரத்தில் அணைக்காமல் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட வேண்டும். விளக்கே எரிந்துவிட்டால் நாலாவது அல்லது ஐந்தாவது கியரில், 2000 ஆர்பிஎம் அளவில், 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறையாமல் கால் மணி நேரம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். ஆனால் ஆயிலில் இருந்து வரும் சாம்பல் எரியவே எரியாது, நிரந்தரமாகத் தங்கிவிடும். அதனால்தான் சாம்பல் குறைந்த ஆயில் கட்டாயம் என்கிறார்கள். விலை குறைந்த வேறு ஆயிலை ஊற்றினவனின் வண்டியை வாங்கினால் அந்தச் சாம்பலையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம்.

எந்த வண்டி என்று ஒன்றைப் பிடித்துப் பேசினால் தெளிவாக இருக்கும். 2012 ஸ்கோடா ஆக்டேவியா, 2.0 டிடிஐ டீசல் எஞ்சின். நம்மூரில் லாரா என்று ஓடினதே, அதேதான். உங்கள் பட்டறைக்கும் வந்திருக்கும். 2 லட்சம் கிலோமீட்டர் ஓடினது ஐயாயிரம் யூரோவுக்கு முன்னே பின்னே கிடைக்கும்.

வரி எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது. டீசலுக்கு ஒவ்வொரு 100 சிசிக்கும் 9.50 யூரோ, பெட்ரோலுக்கு 2 யூரோ. 1968 சிசி என்றால் 20 பங்கு, 190 யூரோ. அதோடு கார்பன் வெளியீட்டுக்கும் ஒரு தொகை: 2012, 2013-இல் பதிந்த வண்டிக்கு கிலோமீட்டருக்கு 110 கிராமுக்கு மேல் போகும் ஒவ்வொரு கிராமுக்கும் 2 யூரோ. 129 கிராம் என்று பதிந்திருந்தால் 38 யூரோ. மொத்தம் வருடத்துக்கு 228. 2009 ஜூலைக்கு முன் பதிந்த யூரோ 4 (நம் பிஎஸ் மாதிரி இங்குள்ள புகைத் தரம்) டீசல் என்றால் 100 சிசிக்கு 15.44 வீதம் 308.80 யூரோ. அதனால் பதிவுத் தேதியைப் பார்க்காமல் விலை பேசக்கூடாது.

டீசல் இங்கே வழக்கமாகப் பெட்ரோலைவிட மலிவு. லிட்டருக்கு எரிபொருள் வரி பெட்ரோலுக்கு 65.45 சென்ட், டீசலுக்கு 47.04 சென்ட். விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். டீசல் 1.60, பெட்ரோல் 1.75 என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு கிலோமீட்டருக்கு டீசல் வண்டி 5.5 லிட்டர், பெட்ரோல் வண்டி 7.5 லிட்டர் குடித்தால் மிச்சம் 4.30 யூரோவுக்குச் சற்று மேல். வருடத்துக்கு 15 ஆயிரம் ஓட்டினால் ஏறக்குறைய 650 யூரோ. அதில் வரி வித்தியாசத்தைக் கழியுங்கள். இன்சூரன்சும் டீசலுக்குப் பெரும்பாலும் கூடுதல். 6 ஆயிரம் மட்டும் ஓட்டுகிறவனுக்குக் கையில் ஒன்றும் நிற்காது. ஒரு முறை ஃபில்டர் மாற்ற நேர்ந்தால் பல வருட மிச்சம் போய்விடும்.

மலிவுக்கு இன்னொரு காரணம் ஊர்த் தடை. கண்ணாடியில் புகைத் தரத்தைக் காட்டும் பச்சை ஸ்டிக்கர் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. ஷ்டுட்கார்ட்டில் 2019-இல் யூரோ 4-உம் அதற்குக் கீழும் உள்ள டீசலுக்குத் தடை வந்தது. 2020 ஜூலையில் நகரின் நடுப் பள்ளத்தாக்கு, பாட் கான்ஷ்டாட், ஃபாயர்பாக், ட்சூஃபன்ஹவுசன் பகுதிகளில் யூரோ 5-க்கும் வந்தது. மூனிக்கில் 2023 பிப்ரவரியில் யூரோ 4-க்கு. ஹாம்பர்க்கில் 2018-இல் போட்ட தடையை 2023-இல் எடுத்துவிட்டார்கள். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் வாங்குகிற வாரத்தில் நகராட்சி அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும். நம் பிஎஸ் 6-க்கு இணையானது இங்கே யூரோ 6. வண்டி எந்தத் தரம் என்பது பதிவுத்தாளில் 14-ஆம் கட்டத்தில் எழுதியிருக்கும்.

இந்த 2.0 எஞ்சின், புகைச் சோதனையை ஏமாற்ற ஃபோக்ஸ்வாகன் செய்து 2015 செப்டம்பரில் வெடித்த மென்பொருள் மோசடியில் சிக்கின வகை. நம்மூரிலும் அந்த டிசம்பரில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்களே, நினைவிருக்கும். இங்கே மென்பொருள் மாற்றம் கட்டாயம். செய்ததற்கான தாள் இல்லாத வண்டி வேண்டாம்.

இனி வண்டி பார்ப்பது. "எஞ்சினைத் தொடாதீர்கள், நான் வந்துதான் ஸ்டார்ட் செய்வேன்" என்று விற்கிறவரிடம் முன்னாடியே சொல்லிவிட வேண்டும். போனதும் பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் ஹோஸைத் தொட வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் அன்றைக்குப் பார்த்துப் பயனில்லை. குளிர்ந்த எஞ்சினில் ஹீட்டர் பிளக் விளக்கு அணைந்ததும் செல்ஃப் அடித்தால் ஓரிரு நொடியில் பிடிக்க வேண்டும். டீசல் நாற்றத்தோடு வெள்ளைப்புகை நீடித்தால் ஹீட்டர் பிளக் அல்லது இன்ஜெக்டர். நீலப்புகை என்றால் டர்போ சீல் வரைக்கும் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது சைலன்சர் வாய். வண்டி ஆறியபின் உள்ளே விரலை விட்டுத் தடவ வேண்டும். ஃபில்டர் நன்றாக இருந்தால் விரலில் சாம்பல் நிறத்தில் லேசான தூசிதான் ஒட்டும். கருகருவென்று கரி அப்பினால் ஃபில்டர் விரிசல் விட்டிருக்கிறது, அல்லது யாரோ உள்ளே குடைந்து எடுத்திருக்கிறார்கள். பிறகு டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பார்க்க வேண்டும். டீசல் வாடை அடித்து, அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், நான் மேலே சொன்ன குட்டி ஓட்டத்தின் கைரேகை அது.

ஐடிலிங்கில் கிளட்ச்சை மிதித்து விட்டுப் பார்த்தால் இரட்டை ஃப்ளைவீல் தேய்மானம் தெரியும். கடகடவென்ற சத்தம், அணைக்கும்போது ஒரு பெரிய உதறல். கிளட்ச்சோடு சேர்த்து மாற்ற ஆயிரம் யூரோவுக்கு மேல் ஆகும். இங்கே பொருளின் விலையைவிடக் கூலிதான் ஆளை வதைக்கும்.

ஸ்கேனர் போடாமல் வாங்கவே கூடாது. பழைய பிழைக் குறியீடுகளோடு, ஃபில்டரில் உள்ள கரி எத்தனை கிராம், சாம்பல் எவ்வளவு, கடைசியாக எரித்து எத்தனை கிலோமீட்டர் ஆனது என்பதையும் படிக்கலாம். நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை எரித்துக்கொண்டிருந்தால் ஃபில்டர் முடியும் தறுவாயில் இருக்கிறது. இந்த எஞ்சினில் அடிக்கடி வருவது பி2015, இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் மடல்கள் தேய்ந்து வரும் பிழை. பி0401 என்றால் ஈஜிஆர், அதாவது புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் வால்வு. நம்மூர்ப்படி ஈஜிஆரைத் தகடு வைத்து அடைத்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். இங்கே அதைச் செய்தால் வண்டியின் சாலை அனுமதியே போய்விடும். ஃபில்டரை எடுத்தாலும் அதே கதிதான்.

ஸ்விஃப்ட் டீசலில் செயின், இதில் டைமிங் பெல்ட். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். எப்போது மாற்ற வேண்டும் என்பது எஞ்சின் குறியீட்டைப் பொறுத்து மாறும், சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். கிலோமீட்டர் மீதம் இருந்தாலும் பத்து வயது தாண்டிய பெல்ட்டை நம்பக்கூடாது. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்பது ஆதாரம் ஆகாது, பில் வேண்டும். அந்த பில்லில் டென்ஷனர், ரோலர், வாட்டர் பம்ப் எல்லாம் இருக்க வேண்டும். பம்ப்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது, அது ஜாம் ஆனால் புது பெல்ட்டும் போய்விடும்.

அடியில் துருவையும் பார்க்க வேண்டும். குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புப் போடுகிறார்கள். பிரேக் பைப், ஜாக்கி வைக்கும் இடம், காயில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று, இவைதான் முதலில் போகும்.

நம்மூர் எஃப்சி மாதிரி இங்கே இரண்டு வருடத்துக்கு ஒரு சோதனை, எல்லாரும் ட்யூஃப் என்பார்கள். சுமார் 150 யூரோ ஆகும். பழைய சோதனைத் தாள்கள் ஒவ்வொன்றிலும் அன்றைய கிலோமீட்டர் அச்சாகியிருக்கும். அவற்றை வரிசையாக அடுக்கினால் மீட்டரைத் திருகியிருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும். திருகுவது 2005 முதல் தனிக்குற்றம், ஆனாலும் நடக்கிறது. பதிவுத்தாள் இரண்டு பாகம். இரண்டாம் பாகம் கையில் வராமல் பணம் தரக்கூடாது. கடன் பாக்கி இருந்தால் அந்தத் தாள் வங்கியில் இருக்கும். வியாபாரியிடம் வாங்கினால், பழுதுக்குச் சட்டப்படி குறைந்தது ஒரு வருடப் பொறுப்பு அவருக்கு உண்டு. தனிநபர் அந்தப் பொறுப்பை ஒப்பந்தத்திலேயே தட்டிக்கழிக்கலாம். பெயர் மாற்ற இன்சூரன்ஸ் கம்பெனி தரும், எழுத்தும் எண்ணும் கலந்த ஏழிலக்கக் குறியீடு, பாஸ்போர்ட், முகவரிச் சான்று, வரிக்கு வங்கிக் கணக்கு அனுமதி, இவ்வளவும் வேண்டும்.

வாங்கின பிறகு முதல் வேலை ஆயில். ஃபோக்ஸ்வாகனின் 507.00 தரம், 5டபிள்யூ-30, நாலே கால் லிட்டர் அளவில் பிடிக்கும். 30 ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டலாம் என்று கம்பெனி சொல்லும். பழைய எஞ்சினுக்கு 15 ஆயிரம் அல்லது ஒரு வருடம், அதற்கு மேல் வேண்டாம். டீசல் ஃபில்டர் மாற்றும்போது புது ஃபில்டரை நிரப்பி, ஸ்கேனர் வழியாக டேங்க் பம்ப்பை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றிய பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும். உயரழுத்தப் பம்ப்புக்கு டீசல்தான் ஆயில். உலர்ந்து சுற்றினால் இரும்புத்தூள் கிளம்பி இன்ஜெக்டர் வரைக்கும் போகும். ஹீட்டர் பிளக்கைச் சூடான எஞ்சினில், துருநீக்கி அடித்து, மெதுவாகத்தான் கழற்ற வேண்டும். ஒடிந்தால் ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும்.

நவம்பர் 16 முதல் பிப்ரவரி கடைசி வரை பெட்ரோல் பங்க்குகளில் விற்பது மைனஸ் 20 டிகிரி வரை ஓடும் குளிர்கால டீசல். செப்டம்பரில் நிரப்பிய டேங்கோடு வண்டியைக் குளிரில் போட்டுவைத்தால் மெழுகு உறைந்து ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். காலையில் கண்ணாடிப் பனியைச் சுரண்டும்போது எஞ்சினை ஓடவிடுவதும் இங்கே அபராதத்துக்குரியது. ஸ்டார்ட் செய்து உடனே மெதுவாகக் கிளம்ப வேண்டியதுதான்.

இந்திய உரிமம் இங்கே குடிவந்து ஆறு மாதம்தான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும் உண்டு. அதை மனதில் வைத்துத்தான் வண்டி வாங்கும் நாளை முடிவு செய்ய வேண்டும்.

தம்பிக்கு வேலை எந்த ஊரில், வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர், வழி நெடுஞ்சாலையா ஊருக்குள்ளா என்று எழுதச் சொல்லுங்கள். ஒரு வழி 30 கிலோமீட்டருக்கு மேல் என்றால் நல்ல டீசலாகப் பார்க்கிறேன். பத்துக்குள் என்றால் பெட்ரோல்தான்.

இப்படிக்கு,
அன்புள்ள மருமகன்