ஃபிலிப் லாம்: இடது ஓரத்து ஆண்டுகளை ஒரு வரியில் கடந்துவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனி கால்பந்து அணியின் முன்னாள் கேப்டன் ஃபிலிப் லாம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோப்பைக் கணக்கில் பிழை இல்லை. பேயர்ன் மியூனிக் கிளப்புடன் 8 புண்டஸ்லிகா (ஜெர்மன் லீக்) பட்டங்கள், 6 ஜெர்மன் கோப்பைகள், 2013இல் சாம்பியன்ஸ் லீக், 2014இல் நாட்டுக்காக உலகக் கோப்பை எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ஆனால் அவர் லெஃப்ட் பேக்காக, அதாவது இடது ஓரத் தடுப்பாட்டக்காரராக, ஆடிய ஆண்டுகளை ‘தற்காலிக ஏற்பாடு’ என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார் கட்டுரையாளர். தொழில்முறை ஆட்டத்தில் ஒரு சிவப்பு அட்டைகூட வாங்காததற்கு லாமின் சாதுவான குணத்தைக் காரணம் சொல்கிறார். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

வலது கால் ஆட்டக்காரரான லாம் இடது பக்கம் போனதற்குக் காரணம் இட நெருக்கடி என்பது உண்மைதான். 2003இல் பேயர்னில் வலது ஓரத்தை வில்லி சான்யோலும் இடது ஓரத்தை பிசென்டே லிசராசுவும் பிடித்திருந்தார்கள். 19 வயது லாமை இரண்டு பருவங்களுக்கு ஸ்டுட்கார்ட் கிளப்புக்குக் கடனாக அனுப்பினார்கள். அங்கும் வலது பக்கத்தில் ஆண்ட்ரியாஸ் ஹிங்கல் இருந்தார். பயிற்சியாளர் ஃபெலிக்ஸ் மகாத் லாமை இடது ஓரத்தில் நிறுத்தினார். சில மாதங்களிலேயே, 2004 பிப்ரவரியில், குரோஷியாவுக்கு எதிராகத் தேசிய அணியில் அறிமுகம். 2005இல் முழங்கால் தசைநார் அறுந்து பல மாதங்கள் ஆட முடியாமல் போனது. திரும்பி வந்து 2006 உலகக் கோப்பையை அதே இடத்தில்தான் ஆடினார். 2008 யூரோவை (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) ரைட் பேக்காகத் தொடங்கினாலும், முதல் இரண்டு ஆட்டங்களுக்குப் பிறகு மறுபடி இடது ஓரத்துக்கே வந்தார். இதைத் தற்காலிகம் என்று எப்படிச் சொல்வது?

வலது கால் ஆட்டக்காரர் இடது ஓரத்தில் நின்றால் என்ன நடக்கும் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. சென்டர் பேக்கிடமிருந்து (நடுத் தடுப்பாட்டக்காரர்) பந்து வரும்போது அவருக்கு மைதானத்தின் உட்பக்கம் திறந்து கிடக்கும். வலது காலின் உட்புறத்தால் நேராக நடுக்களத்துக்குப் பாஸ் போடலாம். எதிரணி விங்கருக்கும் (ஓரத்துத் தாக்குதல் ஆட்டக்காரர்) இது தெரியும். அவர் உட்பக்கமாக வளைந்து ஓடிவந்து அந்தப் பாதையை மூடுவார். அப்போது மிச்சமிருப்பது எல்லைக்கோடும் பலவீனமான இடது காலும்தான். பல அணிகள் இந்த இடத்தில்தான் பந்தை இழக்கின்றன. லாம் பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் பார்த்து, உடம்பைப் பாதி திருப்பி வைத்திருப்பார். முதல் தொடுதலிலேயே பந்து விங்கரின் ஓட்டத்துக்குக் குறுக்கே போய்விடும். துரத்துபவர் பின்னால் நின்றுவிடுவார். இடது காலாலும் சுமாரான கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னால் அனுப்பும் பந்து) போடுவார் என்பதால் எதிராளியால் உட்பக்கத்தை மட்டும் காத்துக்கொண்டு நிற்க முடியாது. 2006 ஜூன் 9 அன்று மியூனிக்கில் கோஸ்டா ரிகாவுக்கு எதிராக 6ஆவது நிமிடத்தில் அடித்த கோல் இந்த நுட்பத்தின் பலன். இடது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி, வலது காலால் தூரத்துக் கம்பத்தின் மேல் மூலைக்கு வளைத்தார். இடது முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடிய ஆட்டம் அது.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். 2008 யூரோ அரையிறுதி, பாசெல் நகரம், எதிரணி துருக்கி. 86ஆவது நிமிடத்தில் துருக்கியின் சப்ரி, லாமைத் தாண்டி வலது ஓரமாகப் போய்த் தாழ்வாகக் கிராஸ் போட, செமிஹ் ஷென்துர்க் சமன் செய்தார். விங்கர் வெளிப்பக்கம் போகும்போது லெஃப்ட் பேக் இடது காலால் தடுக்க வேண்டியிருக்கும். அரை அடி தாமதமானாலும் போச்சு. அதே லாம் 90ஆவது நிமிடத்தில் உள்ளே வந்து, சக ஆட்டக்காரர் ஹிட்சில்ஸ்பெர்கரிடம் பந்தைக் கொடுத்துத் திரும்ப வாங்கி, வலது காலால் வெற்றி கோலை அடித்தார். நான்கு நிமிட இடைவெளியில் அந்த இடத்தின் நஷ்டமும் லாபமும் அப்படியே தெரிகின்றன. வியன்னாவில் ஸ்பெயினுடன் நடந்த இறுதியாட்டத்தில் சாவி அனுப்பிய பந்துக்கு லாம்தான் முந்தி நின்றார். கோல்கீப்பர் லேமன் வெளியே வருவதைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். ஸ்பெயினின் டோரஸ் லாமைச் சுற்றி வந்து பந்தை லேமனுக்கு மேல் தூக்கிவிட்டார். அங்கே தவறு காலில் இல்லை. யார் எடுப்பது என்று இருவருக்கும் பேச்சு இல்லாததுதான் பிரச்சினை.

இனி சிவப்பு அட்டை விஷயம். லாமின் உயரம் 1.70 மீட்டர். தோளோடு தோள் மோதி ஜெயிக்கும் உடம்பு அவருக்கு இல்லை. அதனால் விங்கருக்கும் கோலுக்கும் நடுவில் முன்கூட்டியே போய் நின்று, பக்கவாட்டில் ஓடி, எதிராளியை எல்லைக்கோட்டுப் பக்கம் நெருக்குவார். பந்து விங்கரின் காலை விட்டு விலகும் தொடுதலுக்காகக் காத்திருப்பார். விலகிய பிறகுதான் சறுக்குவார். தாமதமாகச் சறுக்கினால் ஆளின் கணுக்காலில் படும், அட்டை வரும். அவசரப்பட்டால் எதிராளி தாண்டிப் போவார். 2014 உலகக் கோப்பை அரையிறுதியின் முதல் பாதியில் பெனால்டி பகுதிக்குள் பிரேசிலின் மார்செலோவிடமிருந்து பந்தைப் பறித்ததைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். பிரேசில் ரசிகர்கள் பெனால்டி கேட்டார்கள். முதலில் பட்டது பந்துதான். அந்த இடத்தில் சறுக்குவதற்குச் சாதுவான குணம் போதாது, நெஞ்சழுத்தம் வேண்டும்.

2009இல் விங்கர் ஆர்யன் ராபன் பேயர்னுக்கு வந்த பிறகு வலது ஓரத்தில் அவரும் லாமும் ஜோடியாகச் செய்ததைக் கட்டுரை நன்றாகவே விளக்கியிருக்கிறது. இடது கால் ராபன் உள்ளே வெட்ட, லாம் வெளிப்பக்கமாக ஓடுவார். பாதி நேரம் அவருக்குப் பந்து வராது, ஆனால் ஒரு தடுப்பாளர் அவரோடு போயாக வேண்டும்.

கடைசியாக ஒரு திருத்தம். 2014 உலகக் கோப்பை முழுவதும் லாம் நடுக்களத்தில் ஆடியதாகக் கட்டுரை சொல்கிறது. அப்போதைய பேயர்ன் பயிற்சியாளர் கார்டியோலா கிளப்பில் அவரை நடுக்களத்தில் ஆட வைத்திருந்தார். தேசிய அணியின் பயிற்சியாளர் யோகிம் லோவும் போர்ச்சுகல், கானா, அமெரிக்கா, அல்ஜீரியா ஆட்டங்களில் அதையே தொடர்ந்தார். பின்வரிசையில் நான்கு சென்டர் பேக்குகள் நின்றார்கள். கானாவுடன் லாம் விட்ட ஒரு பாஸை முன்தாரி பறித்துக் கொடுக்க, கியான் கோல் அடித்தார். அல்ஜீரியா ஆட்டத்தின் 70ஆவது நிமிடத்தில் முஸ்தஃபி காயமடைந்ததும் கெதிரா உள்ளே வர, லாம் ரைட் பேக் இடத்துக்குத் திரும்பினார். பிரான்ஸ், பிரேசில், அர்ஜென்டினா மூன்றையும் அங்கிருந்துதான் ஆடினார். பிரேசிலுக்கு எதிராக 7-1 என்று முடிந்த ஆட்டத்தில் குரூஸின் முதல் கோலும் ஷுர்லேயின் முதல் கோலும் வலது ஓரத்திலிருந்து லாம் அனுப்பிய பந்துகளில் பிறந்தவை. அடுத்த இதழில் இந்தத் திருத்தத்தையாவது வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்