எனக்காக ஓடியவர்களுக்கு

இந்தப் பருவத்தின் கடைசி விமான சாகச நிகழ்ச்சியும் முடிந்தது. இறக்கையை மடித்து உறைக்குள் போட்டாயிற்று. மைதானத்திலேயே நன்றி சொல்லியிருக்க வேண்டும். எஞ்சின் இரைச்சலில் பாதி உங்கள் காதில் விழவில்லை, மீதியை நானே விழுங்கிவிட்டேன். அதனால்தான் இந்த மடல்.

எஞ்சின் இல்லாத துணி இறக்கையான ஹேங் கிளைடரில் மேலே எழ ஓட வேண்டும், இறங்கும்போது காலூன்ற வேண்டும். நடுவில் பறப்பதற்கு மட்டும்தான் கால் தேவையில்லை. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத எனக்கு அந்த நடுப்பகுதிதான் சொந்தம். முன்னும் பின்னும் உங்களுடையது.

1890-களில் ஓட்டோ லிலியென்தால் கால்களை வீசி வீசித்தான் தம் கிளைடரைத் திருப்பினார். அந்த வடிவமே நிலைத்திருந்தால் எனக்கு வானம் வாய்த்திருக்காது. இப்போதோ விமானி ஒரு பட்டையில் தொங்குகிறார். முக்கோணச் சட்டத்தின் கம்பியைக் கையால் இழுத்தும் தள்ளியும் முழு உடம்பையும் நகர்த்துகிறார். இந்த இறக்கையின் மூதாதையைச் சமையலறைத் திரைத்துணியில் தைத்துப் பார்த்து, 1948-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஃபிரான்சிஸ், கெர்ட்ரூட் ரொகாலோ தம்பதிக்கும், 1981-இல் ஹேங் கிளைடர் விபத்தில் கால்கள் செயலிழந்த பின்னும் சாகச நிகழ்ச்சிகளில் பறந்துகாட்டிய அமெரிக்கர் டான் புக்கானனுக்கும் என் வணக்கம். இனி, பக்கத்தில் இருப்பவர்கள்.

கிளைடரைக் கயிற்றால் மேலே இழுக்கும் வின்ச் இயந்திரத்தை இயக்கும் வின்ச் அண்ணா, முதலில் நீங்கள். நான் ஓட வேண்டிய ஓட்டத்தைக் கயிற்றால் ஓடியவர். பார்ப்பவர்களுக்கு அது வெறுமனே கயிறு சுற்றும் வேலை. கிளைடர் கயிற்றின் திசையை விட்டு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், இழுக்க இழுக்க இன்னும் சாயும். சில நொடிகளில் மீட்கவே முடியாமல் போகும். அதற்குள் இழுப்பைத் தளர்த்த வேண்டும், இல்லையென்றால் கயிற்றை வெட்ட வேண்டும். இந்த ஆண்டு ஒரு நாள் காற்று என்னைப் புரட்டப் பார்த்தபோது, கயிற்றைக் கழற்றிவிடும் பிடியை நான் தொடுவதற்கு முன்பே நீங்கள் இழுப்பை விட்டுவிட்டீர்கள். இறங்கியதும் கேட்டேன், “எப்படிண்ணா தெரிஞ்சுது?” “கயிறு சொல்லுச்சு” என்று டீ குடிக்கப் போய்விட்டீர்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அண்ணா. உங்களுக்கு?

என்னைத் தூக்கி, உடம்பைத் தாங்கும் ஹார்னஸில் படுக்கவைக்கும் தம்பிகள் இருவருக்கும்: அதை இறக்கையோடு பிணைக்கும் காராபினர் கொக்கி மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் உடம்பின் எடை முழுவதையும் பட்டையில் தொங்கவிட்டுப் பார்க்கிறீர்கள். மாட்ட மறந்து உயிரைவிட்ட விமானிகள் இருக்கிறார்கள், அவர்களில் அனுபவசாலிகளும் உண்டு. “நேரமாச்சு, போதும்டா” என்று நான் கத்திய நாளிலும் நீங்கள் விடவில்லை. அப்படியே இருங்கள். நான் கத்திக்கொண்டே இருப்பேன்.

இறங்கும் சக்கரங்களைப் பொருத்திக் கொடுத்த பட்டறை ஐயா, மூன்று முறை உடைத்துக்கொண்டு வந்தேன். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

தங்கச்சி, உனக்கு என்ன எழுத? வானில் புகைக்கோடு போடும் புகைக்குழலின் சூடான உறை கணுக்காலில் பட்டு, எனக்கு ஒன்றுமே தெரியாமல் நான் கூட்டத்துக்குக் கையசைத்துக்கொண்டிருந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். காலணியைக் கழற்றிக் கொப்புளத்தைக் கண்டவள் நீதான். ஆறுவதற்குப் பல வாரங்கள் ஆயின. குழலை அங்கே பொருத்தியது நான், குற்றமும் என்னுடையது. அன்றிலிருந்து புகையெல்லாம் இறக்கை நுனிகளுக்குப் போய்விட்டது. நீயும் ஒவ்வொரு முறை இறங்கியதும் குதிகாலிலிருந்து இடுப்புவரை பார்த்த பிறகுதான் யாரையும் என்னிடம் பேச விடுகிறாய்.

நான் பறக்கும்போது பக்கத்தில் விமானத்தில் வட்டமடிக்கும் விமானியாரே, கூட்டம் உங்களை வில்லன் என்று நினைத்துக் கூச்சலிடுகிறது. உங்கள் விமானம் விட்டுச்செல்லும் சுழல்காற்று என் இறக்கையில் படாமல் இருக்க, எப்போதும் எனக்குக் கீழேயும் காற்று போகும் பக்கத்திலும் நீங்கள் ஒதுங்கியே பறப்பது அவர்களுக்குத் தெரியாது. நல்ல வில்லன்.

வர்ணனையாளர் அம்மா, உங்கள் தாளில் முதலில் இருந்த வரி “ஊனத்தை வென்ற வீரர்”. அதை எடுத்துவிடச் சொன்னேன். ஏன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. இறக்கையைப் பற்றிப் பேசினீர்கள், நான் பறக்கவிட்ட ரிப்பன்களின் நிறத்தைச் சொன்னீர்கள், காற்றின் வேகத்தைச் சொன்னீர்கள். நான் இறங்கி, சக்கர நாற்காலி வந்தபோதுதான் கூட்டத்துக்கே விஷயம் புரிந்தது. அந்த நொடி நேர அமைதி இருக்கிறதே, கைதட்டலைவிட எனக்கு அதுதான் பிடித்தது.

வான்வெளியை நடத்தும் அதிகாரிக்கு ஒரு கோபம் கலந்த நன்றி. பக்கக்காற்று ஏறிய அந்த மாலையில் என் முறையை ரத்து செய்தீர்கள். இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. நானாக இருந்தால் பறந்திருப்பேன், அதனால்தான் அந்த முடிவு என் கையில் இருக்கக் கூடாது.

கடைசியாக, நாற்காலியோடு மைதானத்தில் நிற்கும் பாட்டியம்மா. முதல் நிகழ்ச்சியில் நான் ஒரு முனையில் இறங்கினேன், நீங்கள் மறுமுனையில் நின்றீர்கள். ஓடி வந்து மூச்சு வாங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்போதெல்லாம் காற்றின் திசை காட்டும் காற்றுப்பையைப் பார்த்து நீங்களே இடம் மாறி நிற்கிறீர்கள்; நான் உங்கள் நீலப் புடவையைக் குறிவைத்துத்தான் இறங்குகிறேன். போன முறை நாற்காலியின் இடது சக்கரத்தில் காற்று குறைந்திருந்தது என்று குறைபட்டீர்கள். அது உங்கள் தப்பில்லை. அடுத்த நிகழ்ச்சிக்குள் அடித்துவைத்துவிடுகிறேன், பாட்டி.