அந்த ஸ்கிரீன்ஷாட்

அன்புள்ள வசந்தி,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் நலம். கமலாவின் குடை கிடைத்துவிட்டது, எங்கே என்று மட்டும் கேட்காதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் வகுப்பில் ஒரு பையன், 15 வயது. தனக்குப் பையன்கள்மேல்தான் ஈர்ப்பு என்று ஒரே ஒரு நண்பனிடம் மெசேஜில் சொல்லியிருக்கிறான். அப்புறம் இருவருக்கும் ஏதோ சண்டை. நண்பன் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வகுப்புக் குழுவில் போட்டுவிட்டான். இரவு 10 மணி. விடிவதற்குள் மீம், ஸ்டிக்கர், இவன் பெயரில் ஒரு போலிக் கணக்கு. நம்மைக் கேலி செய்தவர்கள் பள்ளி வாசலோடு நின்றார்கள். இவனுக்குத் தலையணைக்கடியில் போன் அதிர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

மறுநாள் ஆசிரியர் அறையில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: அப்பா அம்மாவைக் கூப்பிடு. நானும் போனைக் கையில் எடுத்துவிட்டேன் வசந்தி. "மிஸ், வீட்டுக்குத் தெரியாது" என்றான்.

அப்படியே வைத்துவிட்டேன். குண்டு என்றார்கள், கறுப்பு என்றார்கள் என்றால் பிள்ளை வீட்டில் போய் அழலாம். இதில் அழுதால் ஏன் அழுகிறாய் என்று கேட்பார்களே! புகார் சொல்வதே தன்னைக் காட்டிக்கொடுப்பதாகிவிடுகிறது. 2015இல் அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில், தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் உள்ளவர்களில் 28 சதவீதம் பேர் இணையத்தில் சீண்டப்பட்டதாகச் சொன்னார்கள். எதிர்பாலீர்ப்பு உள்ளவர்களில் அது 14 சதவீதம். பெயர் எழுதாத தாள் என்பதால்தான் அவ்வளவாவது சொன்னார்கள் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் தேதி, நேரத்தோடு சேமித்து வைத்துவிட்டுத்தான் போலிக் கணக்கை நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்தேன். வீட்டில் எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும் என்று தலைமையாசிரியரிடம் ஒரு மணி நேரம் வாதாடினேன். இது நோய், டாக்டரிடம் காட்டலாம் என்றார் ஒருவர். உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. உயரட்டும்.

படம் போட்டவனும் என் மாணவன்தான். நேற்று அழுதான். அவனிடம் என்ன பேசுவது என்று இன்னும் பிடிபடவில்லை. நீ இருந்தால் கேட்டிருப்பேன்.

இரண்டு நாளாக நம் ரவிதான் நினைவில் நிற்கிறான். கரும்பலகையில் அவன் பெயரோடு எழுதியிருந்ததைப் பார்த்து நாமும்தானே சிரித்தோம், வசந்தி? அவன் முகவரி உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் உடனே அனுப்பு.

உன்,
மீனா