மொளகாயும் மருந்தும்: நம்ம விவசாயிகள் சங்கத்தோட ஆண்டறிக்கை

தலைவருக்கும் பெரியவங்களுக்கும் அண்ணன் தம்பிமாருக்கும், காட்டுல களை எடுக்குற காய் பறிக்கிற அக்கா தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுவுல வாசிச்ச அறிக்கைய வெளியூர்ல இருக்குற நம்ம பயலுகளும் படிக்கணும்னு கேட்டதால அப்படியே டைப் பண்ணி போடுறேன். வரவு செலவ பொருளாளர் தனியா போடுவார். கண்மாய் மடை ரிப்பேருக்கு மனு குடுத்தாச்சு, பதில் வரல, திரும்ப போறோம். பயிர் இன்சூரன்ஸ் விஷயமும் அதே நிலைமைதான்.

இந்த வருஷம் சங்கம் அதிகமா மெனக்கெட்டது மருந்தடிக்கிற விஷயத்துலதான். நம்ம ராமநாதபுரம் மாவட்டம் தேவிபட்டினம் திருப்பாலைக்குடி பக்கம் நெல்லு மழைய நம்பி, மொளகா கடன நம்பின்னு ஆகிப்போச்சு, அந்தக் கடன்ல பெரும்பங்கு மருந்துக்கடை பாக்கி. செடி சுருண்டா ஒரு இலையக் கிள்ளிட்டு கடைக்கு ஓடுறோம், அவரு மூணு டப்பாவ எடுத்து வைக்கிறாரு, மூணையும் ஒரே டேங்க்ல ஊத்தி அடிக்கிறோம், எது எதுக்குன்னு கேக்குறது இல்ல, மறு வாரம் இன்னும் அதிகமா சுருண்டா இன்னொரு மூணு டப்பா. கடைக்காரர மட்டும் குத்தம் சொல்ல முடியாது, கடனுக்கு குடுக்குற ஒரே ஆள் அவருதான். ஆனா நம்ம காட்டுல என்ன நடக்குதுன்னு அவரு பாக்கல, அத நாமதான் பாக்கணும்.

அதுக்காகத்தான் தை மாசம் வேளாண் அறிவியல் நிலையத்துல இருந்து ஆள் கூப்பிட்டு காட்டுலயே கூட்டம் போட்டோம். வந்த மேடம் பேச்சே பேசல, நேரா பாத்திக்குள்ள இறங்கி ரெண்டு செடிய காட்டுனாங்க. ஒண்ணுல இலை ஓரம் மேல பாத்து மடங்கியிருந்துச்சு, அது இலைப்பேன், சாறு உறிஞ்சுற பொடிப் பூச்சி. இன்னொண்ணுல கீழ பாத்து கவுத்துன வள்ளம் மாதிரி மடங்கி காம்பு நீண்டு கெடந்துச்சு, அது சிலந்திப்பேன், முரணைன்னு சொல்றது. பூவ ஒரு வெள்ளத் தாள் மேல தட்டச் சொன்னாங்க, தட்டுனா பொடிப்பொடியா ஓடுது, லென்ஸ்ல பாத்தா அத்தனையும் பேனு. அப்ப களை எடுத்துக்கிட்டு இருந்த ஆத்தா ஒருத்தங்க "ஏம்மா, இது வேற சுருட்டு அது வேற சுருட்டுன்னு நாங்க சொல்லிக்கிட்டுத்தான இருக்கோம், யாரு காதுல வாங்குறா"ன்னு கேட்டாங்க. யாருக்கும் பதில் இல்ல. நாள் முழுக்க செடிக்கு பக்கத்துல குனிஞ்சு நிக்கிறது அவங்கதான், கடைக்குப் போறது மட்டும் வேற ஆளு.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்னா சிலந்திப்பேன் பூச்சி இனமே இல்ல, நாம அடிக்கிற பல பூச்சி மருந்து அத ஒண்ணும் பண்ணாது, அதுக்கு நனையும் கந்தகம் மாதிரி வேற மருந்து இருக்கு, வெலையும் கம்மி. அதவிட மோசம், சைபர்மெத்ரின் வகை பூச்சி மருந்த திரும்பத் திரும்ப அடிச்சா பேன திங்கிற பொறிவண்டு, நல்ல சிலந்தி எல்லாம் செத்து சுருட்டு ஏறும். நெல்லுல இதே மருந்த கண்டபடி அடிச்சா புகையான்ங்குற சாறு உறிஞ்சுற பூச்சி பெருகுறதும் இப்படித்தான். 2021ல ஆந்திரா தெலங்கானா மொளகாக் காட்டுல புதுவகை இலைப்பேன் பூவுக்குள்ள இறங்குனப்ப மருந்து மேல மருந்தா அடிச்சும் காட்ட அழிச்சவங்க நிறைய பேரு, அந்த நிலைமை நமக்கு வரக்கூடாது.

வேப்பங்கொட்டை கரைசல் பத்தி. போட்டுப் பாத்தோம், கேக்கலன்னு சிலர் சொன்னாங்க, விசாரிச்சா மத்தியான வெயில்ல அடிச்சிருக்காங்க, இல்லன்னா ரெண்டு வருஷப் பழைய கொட்டை. பழசாகாத பருப்பு 5 கிலோவ இடிச்சு துணில கட்டி ராத்திரி பூரா ஊற வச்சு, பால் மாதிரி வர்றத வடிகட்டி 100 லிட்டர் ஆக்கி, கொஞ்சம் காதி சோப்பு கரைச்சு சாயங்காலம் அடிக்கணும், வெயில் பட்டா அதோட சக்தி போயிடும். அது அடிச்ச உடனே பூச்சி கீழ விழாது. திங்க விடாது, தோல் உரிச்சு வளர விடாது, அதனால சுருட்டு ஆரம்பிக்கும்போதே அடிக்கணும், முத்துன பிறகு அடிச்சுட்டு வேப்பங்கொட்டைய திட்டக்கூடாது. கூடவே பூச்சி வந்து ஒட்டிக்கிற மஞ்ச அட்டை, நீல அட்டை, காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சி பொறி, ஓரத்துல ரெண்டு வரிசை சோளம், இலையத் திங்கிற புரொடீனியா புழுவ இழுக்க ஆமணக்கு. மீன் அமிலம் நம்ம கரையில ஈசி, மீன் கழிவும் வெல்லமும் சரிக்கு சரி போட்டு மூடி வச்சா போதும், ஆனா அது செடிய வளக்குறது, பேன கொல்லாது. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கிட்டு இயற்கை முறையே வேஸ்ட்னு சொல்றவங்களுக்காக இத எழுதுறேன்.

மருந்தே அடிக்கக்கூடாதுன்னு சங்கம் சொல்லல. அடிச்சுத்தான் ஆகணும்னா டப்பாவுல இருக்குற முக்கோணத்தப் பாருங்க, சிவப்பு கடும் விஷம், அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், கடைசி பச்சை, பச்சையும் விஷம்தான். மூடில அளக்காம அளவு கப்புல அளங்க. பில்லு கேட்டு வாங்குங்க, தேதி பாருங்க. மோனோகுரோட்டோபாஸ்ங்குற பூச்சி மருந்த காய்கறிக்கு அடிக்கக்கூடாதுன்னு தடை பல வருஷமாவே இருக்கு, தோட்டத்து கத்தரிக்கும் வெண்டைக்கும் அத அடிச்சு நம்ம பிள்ளைங்களுக்கே சமைச்சுப் போட்டிருக்கோம்னு நெனச்சா மனசு பதறுது. அடிச்ச பிறகு காத்திருக்க வேண்டிய நாள் டப்பாவுலயே இருக்கும், அதுக்குள்ள காய் பறிக்காதீங்க. 2023ல நம்ம ராமநாதபுரம் முண்டு மொளகாய்க்கு புவிசார் குறியீடு கெடச்சிருக்கு, வாங்குறவன் வத்தல்ல மருந்து மிச்சம் இருக்கான்னு டெஸ்ட் பண்ணித்தான் எடுப்பான்.

மார்கழில நம்ம உறுப்பினர் தம்பி ஒருத்தன் லுங்கியோட வெறும் காலோட வாடைக்காத்துக்கு எதிர்ல அடிச்சு, வேர்த்துக் கொட்டி வாந்தி எடுத்து கண்ணு மங்கி விழுந்துட்டான். அவன் பொண்டாட்டி டிரெஸ்ஸ மாத்தி சோப்புப் போட்டு கழுவிவிட்டு 108க்கு போன் போட்டு, மருந்து டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போச்சு, என்ன மருந்துன்னு டாக்டருக்கு உடனே தெரிஞ்சுது, பிழைச்சான். அந்தப் புள்ளைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். காலையில காத்து ஏறுறதுக்கு முன்னாடி, காத்து முதுகுப்பக்கம் இருக்குற மாதிரி நின்னு, முழுக்கை சட்டை பேன்ட் கையுறை மாஸ்க் போட்டு அடிங்க. மிச்ச மருந்த வீட்டுல பூட்டி வைங்க.

அடுத்தது ஊரணி. நம்ம போர் தண்ணி உப்பு, அதுல மருந்து சரியா கலக்காதுன்னு எல்லாரும் ஸ்பிரேயர ஊரணிக்கே தூக்கிட்டுப் போய் அங்கயே கலக்கி அங்கயே கழுவுறாங்க. அது ஊரே குடிக்கிற தண்ணி. இனிமே ஸ்பிரேயர் ஊரணிக் கரை ஏறக்கூடாதுன்னு கூட்டத்துல தீர்மானம் போட்டிருக்கோம், வரப்புல டிரம் வச்சு குடத்துல தண்ணி கொண்டு போகணும், காலி டப்பாவ மூணு தடவ அலசி அந்தத் தண்ணியையும் டேங்க்லயே ஊத்தி அடிச்சுட்டு, டப்பாவ ஓட்டை போட்டுடணும். எண்ணெய் வாங்க தண்ணி மொள்ள அத யாரும் எடுக்கக்கூடாது.

வர்ற ஆனி ஆடியில வேப்பம்பழம் கொட்டும்போது சங்கமே கொட்டை வாங்கி நெழல்ல காய வச்சு எடை போட்டு குடுக்கும், பொறுக்குறவங்களுக்கு கிலோ கணக்குல காசு. மொளகா நட்ட பிறகு வாரம் ஒரு நாள் காடு பாக்குற குழு போடுறோம், அதுல பாதிப்பேர் பொம்பளைங்களா இருக்கணும்னு முடிவு. சந்தேகம்னா விவசாயிகளுக்கான அரசாங்க போன் சேவை கிசான் கால் சென்டர் 1800 180 1551, தமிழ்லயே பேசுவாங்க. குழுவுல சேர்றவங்க சாவடில இருக்குற நோட்டுல பேரும் எந்தப் பக்கத்து காடுன்னும் எழுதுங்க, எழுத வராதவங்க என்கிட்ட சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்